கறுப்புக் காரும் பாலிஷ் மெஷினும்

“மெஷின் பாலிஷ் போட்டா பெயிண்ட் போயிடுமாமே, நெசமா?”

வீட்டிலேயே காருக்கு பாலிஷ் போடுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். நிஜம்தான், போகும். போகத்தான் வேண்டும். கொஞ்சமும் போகவில்லை என்றால் நீங்கள் பாலிஷ் போடவில்லை, எண்ணெய் தடவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தப் பதிலைக் கேட்டதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் பாதிப் பேருக்காக இந்தப் பதிவு. நீளமானது. காபியோடு உட்காருங்கள்.

முதலில், போவது எது என்று பார்த்துவிடலாம். இன்றைய காரில் நம் கை படும் மேற்பரப்பில் நிறமே கிடையாது. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைத்த ஒரு ப்ரைமர். அதன்மேல் இன்னொரு ப்ரைமர். அதற்கும் மேலே நிறம். கடைசியாக, நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது இவை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் போடும் ஏ4 தாள் ஒன்றின் தடிமனே சுமார் 100 மைக்ரான். கிளியர் கோட்டின் பங்கு மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50. அதாவது அரைத் தாள். காரின் பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாமே அந்த அரைத் தாளுக்குள்தான். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனத்தையும் அதில்தான் கலந்திருக்கிறார்கள். பழைய கார்களின் கூரையிலும் பானட்டிலும் தேமல் வந்தமாதிரி வெள்ளையாக உரிந்து நிற்குமே, அது கிளியர் கோட் செத்துப்போன இடம். அதற்குப் பிறகு பாலிஷுக்கு வேலை இல்லை, பெயிண்டருக்குத்தான் வேலை.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் இந்தக் கதையே வேறு. நிறமும் மேற்பரப்பும் ஒன்றாகவே இருந்தன. ரப்பிங் போட்டால் வண்டியின் நிறம் துணியில் ஏறும். அதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள்தான் இன்றும் “பெயிண்ட் போகுது பாரு” என்று பதறுகிறார்கள். இன்றைய காரில் போவது கண்ணுக்கே தெரியாது. மெஷினில் மாட்டும் பேடில் காரின் நிறம் ஒட்டினால்தான் பதற வேண்டும். கிளியர் கோட்டைக் கடந்து அடியில் இறங்கிவிட்டீர்கள். லாரி, வேன், சில பழைய சாலிட் நிற வண்டிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

என்னுடையது கறுப்பு செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிழலில் நின்றால் மகாராஜா. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நூல் நூலாகக் கோடுகள். இவற்றைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். உண்மையில் கோடுகள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் அடியிலிருந்தே அவ்வளவு வெளிச்சம் திரும்பி வருவதால் கீறல் சிதறடிக்கும் கொஞ்ச வெளிச்சம் அதில் கரைந்துபோகிறது. கறுப்பில் அடியிலிருந்து எதுவும் வராது, அதனால் கீறல் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். வெள்ளைக் கார்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அன்பிலிருந்து. எங்கள் அபார்ட்மெண்டில் காலை ஐந்தரைக்கெல்லாம் ஓர் அண்ணன் வந்துவிடுவார். ஒரு பக்கெட், ஒரு துணி, வரிசையாகக் கார்கள். முதல் காருக்குத் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஐந்தாவது காருக்குப் போகும்போது டீ நிறம். சென்னைத் தூசியில் பாதி மணல். மணல் என்றால் குவார்ட்ஸ், கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் போய்வந்த கார் என்றால் சிமெண்டுத் தூசியும் சேர்ந்திருக்கும். அதன்மேல் ஈரத்துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? தினம் கொஞ்சமாக நடக்கிற சேதம், அதனால் யார் கண்ணிலும் படாது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய், அதற்குள் அத்தனை கார்களும் எட்டு மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

கடையில் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்ததுதான். வாட்டர் சர்வீஸ் கடையில் “ரப்பிங் பாலிஷ்” என்றால் பெரும்பாலும் ரோட்டரி மெஷின், கம்பளி பேட், முந்தைய வண்டியின் அழுக்கு அப்படியே. வண்டியை எடுக்கும்போது கண்ணைப் பறிக்கும். மறுநாள் காலை சாய்ந்த வெயிலில் பார்த்தால் மெஷின் போன பாதையெல்லாம் பட்டுச்சேலை மடிப்பைப்போல் நெளிந்து நெளிந்து தெரியும். ஹோலோகிராம் என்று பெயர். இன்னொரு வகைக் கடையில் கீறலை எடுக்கவே மாட்டார்கள். க்ளேஸ் என்ற ஒன்றைத் தடவி கீறலின் பள்ளத்தை அடைத்துவிடுவார்கள். சில வாஷ் வரைக்கும் அழகு, அப்புறம் எல்லாக் கோடும் திரும்பி வந்து ஆஜராகும். நன்றாகச் செய்கிற டீட்டெயிலிங் ஸ்டூடியோக்களும் இருக்கின்றன. அவர்கள் கேட்கும் தொகை அவர்கள் உழைப்புக்கு நியாயமானதே. என் காரின் வயதுக்குத்தான் நியாயமாகப் படவில்லை.

ஆகவே மெஷின்.

இதில் இரண்டு ஜாதி. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், கைதேர்ந்தவர்களிடம் அற்புதமாக வேலை செய்யும், புதியவர் கையில் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி கிளியர் கோட்டை எரித்துவிடும். மற்றது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. பேட் தன் அச்சில் சுற்றும், அந்த அச்சும் ஒரு சின்ன வட்டத்தில் ஓடும். அந்த வட்டத்தின் அகலத்துக்கு த்ரோ என்று பெயர். 8, 15, 21 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி பிக்ஃபுட் என்ற பெயரில் விற்கும் மெஷின்கள் 15, 21 த்ரோவுக்குப் பேர்போனவை. அதே அமைப்பில் மலிவான மெஷின்களும் நிறைய வந்துவிட்டன. வீட்டுக்கு 15 த்ரோ, பேடைத் தாங்கும் 5 இன்ச் பேக்கிங் பிளேட் போதும். 900 வாட் என்றாலும் 4 ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண பிளக் பாயிண்டே தாங்கும். வயரை மட்டும் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்டில் உரசும் வயர் புதுக் கீறல் போடும்.

டி.ஏ.வின் நல்ல குணம், அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். பெயிண்டை எரிப்பது கஷ்டம் என்பதால் வீட்டுக்கு இதுதான் சரி. ஆனால் சுற்றாத பேட் கீறலையும் எடுக்காது. சத்தத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பதால் பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். கோடு சுற்றுவது கண்ணில் பட்டால் வேலை நடக்கிறது. கோடு அப்படியே நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். வளைவான இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

இனி, மெஷினைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. பாதி நேரம் இதில்தான் போகும், போகட்டும். பெயிண்டில் மணல் ஒட்டியிருக்கும்போது மெஷினை வைத்தால் பக்கெட் அண்ணன் ஒரு வருஷத்தில் செய்ததை நீங்கள் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவீர்கள். நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருக்கும். நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள்கள் கிளியர் கோட்டில் குத்தி உட்கார்ந்து அங்கேயே துருப்பிடிக்கும். அதற்கென்று அயர்ன் ரிமூவர் விற்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறி வழியும். கறுப்புக் காரில் அந்த வேடிக்கை மேலே தெரியாது. நம்பர் பிளேட்டின் வெள்ளையிலும் கீழே சிமெண்டுத் தரையிலும் ஊதா ஓடுவதைப் பார்க்கலாம். மிச்சத்தை களிமண் போன்ற கிளே பார் எடுக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல், சறுக்கவிட வேண்டும். முதலில் கரகரவென்று பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கி வழுக்கும். கீழே விழுந்த கிளேயைத் திரும்ப எடுக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு கிளைக்கதை. எங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., ஆயிரத்தைத் தாண்டும். கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுவிட்டுப் போகும். வெயிலில் காய்ந்தால் பெயிண்டையும் அரிக்கும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவச் சொல்கிறார்கள். நல்ல மனசு, மோசமான யோசனை. ஆர்.ஓ. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வேறு விஷயம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது, உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சென்னைக் கோடையில் ஓர் இரவு ஏசி ஓடினால் பக்கெட்டில் நல்ல அளவு சேரும். வடிகட்டி வைத்துக்கொண்டு கடைசி அலசலுக்கு அதைத்தான் ஊற்றுகிறேன்.

கழுவி முடித்ததும் நண்பர் ஒருவரின் மைக்ரான் மீட்டரைக் கடன் வாங்கினேன். பழைய கார் வியாபாரம் செய்கிறவர், இது இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். தகட்டில் வைத்தால் மொத்த பெயிண்டின் தடிமனைச் சொல்லும். கிளியர் கோட்டை மட்டும் தனியாகச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் எதுவும் காட்டாது. பானட், கூரை, கதவுகள் எல்லாம் 110, 120 என்று வந்துகொண்டிருந்தது. இடது பின் கதவில் 270. “ஒரு கீறல்கூட இல்லாத வண்டி சார்” என்று சத்தியம் செய்து விற்றவரின் முகம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மறுபெயிண்ட் அடித்த கதவு. 270 என்பதால் வெறும் பெயிண்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். அடியில் கெட்டியாகப் பட்டி வைத்திருந்தால் எண் இன்னும் எங்கேயோ போயிருக்கும். பெயிண்ட் அதிகம் என்பதால் அங்கே தைரியமாகத் தேய்க்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கும் பெயிண்ட் கம்பெனி பெயிண்டைப்போல நடந்துகொள்ளாது. பெரும்பாலும் இன்னும் மென்மையாக இருக்கும். அந்தக் கதவுக்கு வேறு கணக்கு.

மென்மையான பெயிண்ட், கடினமான பெயிண்ட் என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும். ஜப்பானிய வண்டிகளின் பெயிண்ட் மென்மை, ஜெர்மன் வண்டிகளுடையது கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பி நேராக வேலையில் இறங்கக் கூடாது. ஓரமாக ஒரு சதுரத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். தச்சர் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸுக்கு வருவார். இங்கே சோதனை தலைகீழ். மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ், இதிலேயே கீறல் போகிறதா? போனால் அதோடு சரி. போகவில்லை என்றால் பேடை மட்டும் மாற்று. அதற்கும் மசியவில்லை என்றால்தான் கட்டிங் காம்பவுண்ட். காம்பவுண்டில் இருப்பது பெரும்பாலும் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு துகள். ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான்வரை தின்னும். கையிருப்பு அரைத் தாள் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, பேடின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியின் மஞ்சள் இல்லை.

ஓரங்களுக்கெல்லாம் மாஸ்கிங் டேப். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், லோகோ, கதவின் விளிம்பு, பானட்டில் ஓடும் மடிப்புக் கோடு. பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். மடிப்பிலும் விளிம்பிலும் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், மெஷினின் அழுத்தமும் அங்கேதான் குவியும்.

பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் பேடைப் பெயிண்டில் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, டயலை 1இல் வைத்துப் பரப்ப வேண்டும். ஓடவிட்டபிறகு வைத்தால் சுவர், சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பாலிஷ். பிறகு 4 அல்லது 5. இரண்டடிக்கு இரண்டடி சதுரம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மேலும் கீழுமாக ஒரு சுற்று, இடமும் வலமுமாக ஒரு சுற்று, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். கை நகரும் வேகம் வினாடிக்கு ஓர் அங்குலம். சொல்லும்போது சுலபம். மெஷின் கையில் அதிரும்போது அந்த வேகம் பொறுமையைச் சோதிக்கும், கை தானாக ஓடப் பார்க்கும். பாலிஷ் முதலில் பால்போல் வெளுத்திருக்கும். நகர நகர மெலிந்து, எண்ணெய்ப் பிசுக்காகி, அடியில் இருக்கும் கறுப்பு அதன் வழியே தெரியத் தொடங்கும். நிறுத்த வேண்டிய நேரம் அது. அதற்கு மேல் ஓட்டினால் காய்ந்து பொடியாகப் பறக்கும். சென்னை வெயிலில் தகடு சூடாக இருந்தால் பாலிஷ் பரப்பும்போதே காய்ந்துவிடும். விடியற்காலை, அல்லது கார் பார்க்கிங்கின் நிழல். புறங்கையை வைத்துப் பார்த்தால் தகடு குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும்.

துடைத்துவிட்டு செல்ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பானட் மடிப்பில் ஒட்டிய டேப்பின் இந்தப் பக்கம் சிலந்தி வலை, அந்தப் பக்கம் கறுப்பில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சம். ட்யூப் லைட்டில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. பரவிய வெளிச்சம் கீறலைக் காட்டாது. எல்.இ.டி. டார்ச், இல்லாவிட்டால் சூரியன், இந்த இரண்டில்தான் உண்மை வெளிவரும்.

இந்த நேரம் பார்த்து மேல்வீட்டு மாமா இறங்கி வந்தார். “என்ன தம்பி, வண்டிய விக்கப் போறீங்களா?”

“இல்ல மாமா, சும்மா பாலிஷ்.”

“விக்காத வண்டிக்கு எதுக்குப்பா இவ்ளோ?” என்று சொல்லிக்கொண்டே கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவருடைய வெள்ளைக் காருக்கு அருகே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால் நீங்கள் கழற்றிய பெயிண்டையே திரும்ப அரைத்துக்கொண்டிருப்பீர்கள். பேடுகளையும் மாற்றி மாற்றி போட வேண்டும். ஒன்றையே ஓட்டினால் நடுவில் சூடேறி வெல்க்ரோ பிய்ந்துகொள்ளும். மெஷினுக்குச் செலவழித்த பிறகு பேடில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் அதிகம். மெஷின் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பேடு நாலைந்து வாங்குங்கள்.

எது போகாது என்றும் சொல்ல வேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்து, நகம் தட்டினால் அந்தக் கீறலை விட்டுவிடுங்கள். அதன் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பெயிண்டையும் இறக்கினால்தான் அது மறையும். என் காரின் வலது கதவில் சைக்கிள் ஹேண்டில்பார் போட்ட கோடு ஒன்று இருக்கிறது. பாலிஷுக்குப் பிறகு அதன் ஓரங்கள் மழுங்கி, இரண்டடி தள்ளி நின்றால் தெரிவதில்லை. கூரையில் காக்கை எச்சம் அரித்த தழும்பும் அப்படியே. இன்னொரு சுற்று காம்பவுண்ட் போட்டால் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கூரை நாள் முழுக்க வெயில் வாங்குகிற இடம். கிளியர் கோட் அங்கேதான் கூடுதலாகத் தேவை. தழும்பு இருக்கட்டும் என்று விட்டேன். படம் பிடித்துப் போடுகிறவர்கள் நூற்றுக்கு நூறு திருத்தம் என்று காட்டுவது அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் காருக்கு அடுத்த முறை தேய்க்க என்ன மிச்சம் என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைக்க வேண்டும். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்துக்கொண்டிருக்கும், அது போனால்தான் உண்மையான நிலவரம் தெரியும். பிறகு பாதுகாப்புக்கு ஒரு பூச்சு. பிரேசில் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு ரொம்ப அழகு, ஆனால் நம் வெயிலில் ஆயுசு குறைவு. நான் சிந்தெடிக் சீலண்ட் போட்டேன். செராமிக் கோட்டிங் இன்னும் நாள் தாங்கும், விலையும் அப்படி. அதை விற்பவர்கள் “9ஹெச் கடினம் சார், சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது” என்பார்கள். அந்த 9ஹெச் பென்சிலின் கடினத்தை வைத்துச் செய்யும் சோதனையின் அளவு. வைரத்துக்குப் பத்து கொடுக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பூச்சின் தடிமனும் வழக்கமாக ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம், எச்சத்துக்குக் கொஞ்சம் நேரம் தாங்கும். இவை போதுமான லாபம். சாவியைக் கொண்டு சோதிக்க வேண்டாம்.

மிச்சம் இருந்தது பக்கெட் அண்ணன். அவரிடம் பேசாமல் இவ்வளவையும் செய்தது வீண்.

“அண்ணே, இனிமே நம்ம காரைத் தினம் தொடைக்க வேணாம்.”

முகம் சுருங்கிவிட்டது. “ஏன் சார், ஏதாவது தப்பு ஆயிடுச்சா? சரியாத்தான தொடைக்கிறேன்?”

“தப்பெல்லாம் இல்லண்ணே. தினம் கண்ணாடி மட்டும் தொடைங்க. ஞாயித்துக்கிழமை நான் ஷாம்பூ போட்டுக் கழுவுறப்போ கூட வந்து தண்ணி அடிங்க. இந்தத் துணி நம்ம காருக்கு மட்டும்.” கனமான மைக்ரோஃபைபர் துணி இரண்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

“சம்பளம் அதேதானே சார்?”

“அதேதான்.”

“அப்ப சரி சார்” என்றவர் பானட்டில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். “நல்லாத்தான் வந்திருக்கு. அந்த பி பிளாக் கறுப்பு வண்டிக்காரர்கிட்ட சொல்லட்டுமா? எவ்ளோ வாங்குவீங்க?”